நாற்பது வயதுக்குள் இரண்டு ஓய்வு

வீரப் பதக்கம் பெற்ற ராணுவத்தினரைப் பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வந்தால் இரண்டாவது பத்தியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: கல்லூரியில் படித்தபோது அவர் நல்ல விளையாட்டு வீரர். அதோடு சரி. ஓடினார், பட்டாளத்துக்குப் போனார், சண்டையில் நின்றார், பதக்கம் வாங்கினார் என்று கதை முடிந்துவிடும். மதுரை, உசிலம்பட்டி, பேரையூர், ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் ஏன் மைதானத்திலிருந்து பட்டாளத்துக்குப் போகிறார்கள், அங்கே மைதானத்துப் பழக்கம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது, திரும்பி வந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அமுங்கிப் போகிறது. விளையாட்டும் ராணுவமும் கேட்பது இளம் உடம்பை. இரண்டுமே சீக்கிரத்தில் 'போதும்' என்று அனுப்பிவிடும். இந்த வாழ்க்கையை அந்தக் கணக்கிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் சோற்றுக் கணக்கு. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் விடியுமுன் ஓடிக்கொண்டிருப்பவர்களில் பலர் பதக்கத்துக்காக ஓடவில்லை, வேலைக்காக ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை மதிக்கும் வாசல்கள் நம் பக்கத்தில் மூன்றுதான்: ரயில்வே, போலீஸ், ராணுவம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வான தமிழ்நாட்டுத் தொடர் ஓட்டக்காரர்களைப் பார்த்தாலே தெரியும். மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, லேடி டோக் கல்லூரியில் படித்த ரேவதி வீரமணி ரயில்வே ஊழியர். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான நாகநாதன் பாண்டி காவலர். லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்துக்காரர். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்கி வரும் பையனிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, இதை வைத்து எதில் சேரலாம் என்பதுதான். அதில் தப்பொன்றும் இல்லை. விவசாயம் மழையை நம்பிக் கிடக்கும் ஊரில் மாதச் சம்பளம் என்பது பெரிய விஷயம்.

ராணுவத்துக்குள் போக இரண்டு வழி. சிப்பாயாகப் போவது ஒன்று, அதிகாரியாகப் போவது இன்னொன்று. ஓட்டக்காரனுக்கு இரண்டும் வேறு வேறு பரீட்சை.

சிப்பாய் வழியில், ஊரில் 'ஆள் எடுப்பு' என்று சொல்லும் முகாம். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது 400 மீட்டர் தளத்தில் நாலு சுற்று. நீண்ட காலம் இருந்த கணக்குப்படி 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், அடுத்த 15 விநாடிக்குள் வந்தால் 48. ஒரு சுற்றுக்கு 82 விநாடி சொச்சம் என்ற வேகம், 1500 மீட்டரை நாலே கால் நிமிடத்தில் முடிக்கிற கல்லூரி ஓட்டக்காரனுக்குப் பெரிதில்லை. சிக்கல் வேகத்தில் கிடையாது. நள்ளிரவிலிருந்தே வரிசையில் நின்று, தூங்காமல், பெரிய கூட்டமாக ஒரே கயிற்றுக்குப் பின்னால் நின்று கிளம்ப வேண்டும். முதல் நூறு மீட்டரில் முழங்கை இடிக்கும், முன்னால் போகிறவன் தடுக்கி விழுவான், அவன்மேல் இன்னொருவன் விழுவான். தனக்கென்று கோடு போட்ட பாதையில் ஓடிப் பழகியவன் அந்த நெரிசலில் திணறிப் போவான். கண்மாய்க்கரையில் கூட்டமாக ஓடிய கிராமத்துப் பையன் இதில் தேறிவிடுவான்.

அப்புறம் பீம். கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி பத்து தடவை ஏறினால் 40 மதிப்பெண். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். கால் இருக்கும், தோள் இருக்காது. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் மரச்சட்டத்தின்மேல் விழாமல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் கிடையாது. பிறகு மருத்துவம். தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டி தட்டுவது, காதுக் கோளாறு. ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தவன் 'மெடிக்கல்ல அடிச்சுட்டாங்க' என்று ஊர் திரும்புவது வழக்கமான சங்கதி. 2023-லிருந்து இந்த வரிசை மாறிவிட்டது. இணையவழி எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத்தான் ஓடவே கூப்பிடுகிறார்கள். காலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

பட்டம் வாங்கியவர் அதிகாரியாக விரும்பினால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவருக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தனி நுழைவும் உண்டு. மதுரைக் கல்லூரிகளில் என்.சி.சி.க்கு இன்னும் மவுசு இருப்பதற்கு இது ஒரு காரணம். எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்காணலைத் தாண்டியாக வேண்டும். அங்கே தனியாகத் தாண்டும் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். விளையாட்டு வீரர்கள் இதில் ஜமாய்த்துவிடுவார்கள். ஆனால் பாம்பு ஓட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நீளமாகச் சுருட்டிக் கட்டிய கனமான சுமை ஒன்றை முழுக் குழுவும் தோளில் தாங்கிக்கொண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். வேகமானவன் முன்னால் ஓடிப் பிரயோசனமில்லை. கடைசி ஆள் தாண்டும்வரை குழு தாண்டியதாகக் கணக்கில்லை. தடகளக்காரனைவிடக் கபடி, ஹாக்கி ஆடியவன் இங்கே இயல்பாகப் பொருந்துவான் என்பது என் எண்ணம். கபடியில் தனியாகப் பாடிப் போனாலும் பிடிப்பதற்குச் சங்கிலி போட்டுத்தானே ஆக வேண்டும்.

தேறுபவர்களில் பலர் போவது சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்துக்கு. அங்கிருந்து வருபவர்கள் குறுகிய காலப் பணி அதிகாரிகள். 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் ஓய்வூதியமும் கிடையாது. இதைப் பின்னால் பார்க்கலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ராணுவத்தில் சேருவதும், விளையாட்டு வீரராக இருந்து சிப்பாயாகவோ அதிகாரியாகவோ சேருவதும் ஒன்றல்ல. நீரஜ் சோப்ரா 2016-ல் ராஜ்புதானா ரைஃபிள்ஸில் நேரடியாக நாயிப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரிப் பதவியில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்தவருக்கு ராணுவம் கொடுக்கும் வேலையே விளையாட்டுதான். புனேயில் 2001-ல் தொடங்கிய ராணுவ விளையாட்டுக் கழகம் அதற்காகவே இருக்கிறது. எல்லையில் நின்று பதக்கம் வாங்கும் பழைய கல்லூரி வீரர் பெரும்பாலும் மற்ற வழியில் போனவர். அவருடைய விளையாட்டுச் சான்றிதழை அங்கே யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. உடம்பும் பழக்கமும்தான் கூடப் போகின்றன.

தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒரு காலத்தில் எழுதியே வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758 என்று சொல்கிறது. அந்தத் தொடக்கக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களை நடத்தியவர்தான் மருதநாயகம் என்ற யூசுப் கான். அவரையே கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் இருக்கிறது அவர் அடக்கமான இடம். 1857-க்குப் பிறகு, சில இனத்தார்தான் சண்டைக்குப் பிறந்தவர்கள் என்னும் 'போர்க்குலம்' கோட்பாடு வந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், வடமேற்கு ஆட்களோடு ஒப்பிட்டால் தெற்கத்திச் சிப்பாய் தாங்கமாட்டான் என்று முடிவு கட்டினார். மதராஸ் பட்டாலியன்கள் குறைந்துகொண்டே வந்து 1920-களில் காலாட்படையே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் அதே வெள்ளையர்கள் மறுபடி எழுப்பினார்கள். 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப்போவதை அறிந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் பாய்ந்து உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்காரர், தமிழர். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். லாயக்கில்லை என்ற பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

இனி மைதானத்துப் பழக்கம் காலை வாரும் இடம். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. நம் பையனுக்குத் தெரிந்த உயரமான ஊர் கொடைக்கானல், சுமார் 7,000 அடி. கார்கில் போர்ச் செய்திகளில் 'பாயின்ட் 4875' என்றெல்லாம் படித்திருப்போம். அந்த எண் மலையின் உயரம், மீட்டரில். திருச்சியில் நினைவிடம் உள்ள மேஜர் சரவணன், 1999 மே மாதக் கடைசியில் பட்டாலிக் பகுதியில் 1 பீகார் பட்டாலியன் வீரர்களை அழைத்துக்கொண்டு ஏறியது பாயின்ட் 4268-ஐ நோக்கி. 14,000 அடி. கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு. அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா அவருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது.

அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். அதனால் ராணுவம் படிப்படியாக ஏற்றுகிறது: 9,000 அடிக்கு மேல் முதல் கட்டம் ஆறு நாள், 12,000-க்கு மேல் நாலு நாள், 15,000-க்கு மேல் இன்னொரு நாலு நாள். முதல் இரண்டு நாள் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். இதில்தான் விளையாட்டுக்காரன் மாட்டிக்கொள்கிறான். நல்ல உடற்தகுதி மலை நோயிலிருந்து காப்பாற்றாது. மாநிலப் போட்டியில் ஜெயித்தவனுக்கும் தொந்தி போட்டவனுக்கும் அது ஒரே மாதிரிதான் வரும். ஆனால் தொந்தி போட்டவன் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவான். ஓட்டக்காரன் வலியைத் தாண்டி ஓடப் பழகியவன், தலைவலியை வெளியே சொல்ல வெட்கப்படுவான், இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்ப்பான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். 'வலித்தாலும் நிறுத்தாதே' என்று மைதானத்தில் கற்றதை முதல் ஆறு நாளைக்காவது மறக்க வேண்டியிருக்கிறது.

மறந்து, உடம்பு பழகியபின் அந்தப் பழக்கமே கைகொடுக்கும். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டில் துப்பாக்கி பிரயோகிப்பதில்லை என்ற உடன்பாட்டால் இரு பக்கமும் சுடவில்லை. கல்லும் கட்டையும் கையுமாக, உறையவைக்கும் ஆற்றுக்குப் பக்கத்தில், 14,000 அடியில் சண்டை. எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எவ்வளவு சீக்கிரம் மூச்சு திரும்புகிறது என்பதே அங்கே ஆயுதம். அன்று இறந்த இருபது பேரில் ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர், 81-வது பீரங்கிப் படைப்பிரிவு. அவருக்கு வீர் சக்ரா 2021 குடியரசு தினத்தில் அறிவிக்கப்பட்டது.

அறிவிக்கப்படாத போரில் போர்க்கால விருதா என்று சிலருக்குக் கேள்வி வரும். பரம் வீர், மகாவீர், வீர் சக்ரா ஆகிய மூன்றும் எதிரியை நேருக்கு நேர் சந்தித்த வீரத்துக்கு. 1950 ஜனவரி 26-ல் ஏற்படுத்தி, 1947 ஆகஸ்ட் 15-லிருந்தே செல்லும் என்றார்கள். அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள் மற்ற சமயத்து வீரத்துக்கு. போர்ப் பிரகடனம் இருந்ததா என்பது முக்கியமில்லை, எதிரே நின்றது யார் என்பதே முக்கியம். அதனால்தான் 1987-ல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ராவும், 2014-ல் காஷ்மீரில் தீவிரவாதிகளோடு மோதி இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ராவும் கிடைத்தன. ஒன்றைவிட மற்றது மட்டம் என்று பேசுவது அறியாமை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: மரியாதை வரிசையில் மகாவீர் சக்ரா பத்மஸ்ரீக்கு மேலே. நம் ஊர் விழா மேடைகளில் இந்த வரிசையை யாரும் பார்ப்பதில்லை.

விருது தானாக வருவதில்லை. முதலில் பட்டாலியன் தளபதி எழுத வேண்டும். கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியம் வேண்டும். பிறகு பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று மேலே மேலே போய், டெல்லியில் வடிகட்டி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அரசிதழில் வரும். பார்த்த சாட்சி எல்லாரும் செத்துப்போன சண்டையில் வீரம் பதிவாகாமலே போகலாம் என்பது இதன் குரூரம். கடைசியில் மிஞ்சுவது சைட்டேஷன் என்கிற ஒரு பக்கக் குறிப்பு: பெயர், படைப்பிரிவு, இடம், நாள், செய்த காரியம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆகோள் என்ற மாடு கவரும் சண்டையில் மாண்டவனின் ஊரையும் பெயரையும் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை, அவன் எவ்வளவு வேகமாக ஓடினான் என்று அந்தக் கல்லும் சொல்லவில்லை.

பதக்கத்தோடு மாதப்படியும் உண்டு. 2017-ல் அதை இரட்டிப்பாக்கியபோது பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 என்று நிர்ணயித்தார்கள். மாநில அரசு தனியாக ரொக்கம் கொடுக்கிறது. அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். அரசிதழ் நகலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பத்திரமாக வைக்காத குடும்பங்கள் அலைவது நம் கண்ணெதிரே நடக்கிறது.

இனி ஊர் திரும்புதல். ஓட்டக்காரனாக ஒருவனுடைய உச்சம் இருபத்தைந்தைச் சுற்றி முடிந்துவிடும். சிப்பாயாகப் போனவர் 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி, பெரும்பாலோர் நாற்பதை ஒட்டி வெளியே வந்துவிடுவார்கள். குறுகிய காலப் பணி அதிகாரி முப்பத்தைந்து வாக்கில். பக்கத்து வீட்டுக்காரர் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயதில் இவர் இரண்டு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஜம்மு பக்கத்திலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்து மதுரை ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு கடைசி முறையாக இறங்கும்போது முழங்கால் பழைய முழங்காலாக இருக்காது. பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தவருக்குக் காது மந்தம். திருவிழாவில் அதிர்வேட்டுப் போட்டால் சிலர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். 'பட்டாளத்தான் வேட்டுக்குப் பயப்படுறான்' என்று சிரிப்பவர்களுக்கு, அது பயமில்லை, உடம்பு மறக்காத பாடம் என்று யார் சொல்வது? முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் வந்த ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் மூட்டு வலியையும் சர்க்கரை நோயையும் கவனிக்கிறது. தூக்கம் வரவில்லை என்று அங்கே போய்ச் சொல்பவர்கள் குறைவு.

வேலை என்று பார்த்தால் வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல், ரயில்வே கேட், முன்னாள் படைவீரர்களுக்காக 1986-ல் மாநில அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் மூலம் ஏதாவது நிறுவனத்தில் பாதுகாப்புப் பணி. கௌரவமான வேலைகள்தான். ஆனால் முப்பது பேரை மலையேற்றியவரை ஏ.டி.எம். வாசலில் உட்காரவைப்பது வீண் என்று எனக்குத் தோன்றும். சிலர் ஆள் எடுப்புக்குப் பயிற்சி மையம் தொடங்கி, அதே நாலு சுற்றை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளி, கல்லூரிகள் இவர்களை முறையான பயிற்சியாளராக எடுக்கத் தயங்குகின்றன. உடற்கல்விப் பட்டம் இல்லை என்பது காரணம்.

காயம் பட்டவர்கள் விஷயத்தில் மட்டும் ராணுவம் மைதானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. முரளிகாந்த் பெட்கர் ராணுவக் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. நீச்சலுக்கு மாறி 1972 ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். பத்மஸ்ரீ வர 2018 ஆனது, நாற்பத்தாறு ஆண்டு கழித்து! மதராஸ் சாப்பர்ஸ் படையின் ஆனந்தன் குணசேகரன், தமிழர், 2008-ல் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு ஓடி 2019 வூஹான் உலக ராணுவப் போட்டியில் தங்கங்கள் வாங்கினார். புனே கிர்கியில் இதற்கென்றே பயிற்சி மையம் உண்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கிய நாகாலாந்தின் ஹொகாடோ சேமா அங்கே உருவானவர்.

இந்தக் கணக்கையெல்லாம் 2022-ல் வந்த அக்னிபத் திட்டம் மாற்றிவிட்டது. பதினேழரை வயதிலிருந்து 21 வரை என்று வயது வரம்பு அறிவித்தார்கள். பட்டம் முடிக்கும்போதே அந்த வயது வந்துவிடும் என்பதால், மதுரைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஓட்டக்காரன் சிப்பாயாக வேண்டுமானால் பட்டத்துக்கும் ஆள் எடுப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. போனால் நாலு ஆண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.7 லட்ச ரூபாய். ஓய்வூதியம், ஈ.சி.எச்.எஸ்., கேன்டீன், முன்னாள் படைவீரர் அந்தஸ்து எதுவும் இல்லை. இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டத்தைத் தொடரலாம் என்கிறார்கள். வீர விருதுகளுக்கு மட்டும் இவர்களும் தகுதியானவர்களே. ஆக, பத்தொன்பதில் போய் வீர் சக்ரா வாங்கி, நிரந்தரப் பட்டியலில் இடம் கிடைக்காமல் இருபத்து மூன்றில் ஊர் திரும்பும் ஒரு பையனுக்கு, ராணுவத்திலிருந்து மாதா மாதம் வருவது அந்தப் பதக்கத்துக்கான படி மட்டுமே.